கண்ணகி நகரும் குற்றக் கணக்கும்

என் சின்னம்மா மகன் சென்னையில் பெயிண்ட் அடிக்கிற வேலை செய்கிறான். கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து போனவன். வாடகை கட்டுப்படியாகும் என்று கண்ணகி நகரில் கூட்டாளி ஒருவனின் வீட்டில் தங்கியிருக்கிறான். ஒருநாள் ராத்திரி வேலை முடிந்து திரும்பும்போது ரோந்து வண்டி நிறுத்தியிருக்கிறது. "எந்த ஏரியாடா?" என்று கேட்டிருக்கிறார்கள். இடத்தைச் சொன்னதும் வண்டியில் ஏறச் சொல்லிவிட்டார்கள். பையில் இருந்தவை இரண்டு பிரஷ், பட்டி பார்க்கிற தகடு, ஒரு பழைய சட்டை. விடிகிறவரை உட்கார வைத்து, போட்டோ எடுத்து, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். "அடிக்கலக்கா, நல்லவங்கதான்" என்று போனில் சொன்னான். அடிக்காமல் விட்டதற்காக ஒருவன் நன்றி சொல்கிறான். அந்தக் குரல் காதிலேயே இருந்தது.

சில நாள் கழித்து, இந்தியாவில் பாதுகாப்பான நகரம் எது என்ற பட்டியலை நாளிதழில் பார்த்தேன். சென்னை எத்தனையாவது இடம், கொல்கத்தா எப்படி முதலிடம், மும்பைக்கு என்ன ஆச்சு என்று ஒரே அமர்க்களம். வருஷா வருஷம் வருகிற அமர்க்களம்தான். தம்பியின் ராத்திரி அந்தப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தேடலாமென்று மூல அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவளுக்குப் புள்ளிவிவரத்தில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். எனக்கு அது ஒரு பிரதி. யார் எழுதியது, யாரைப் பேசவிடுகிறது, எங்கே வாயை மூடிக்கொள்கிறது என்று கேட்க வேண்டிய பிரதி. பாட்டுக்கும் காப்பியத்துக்கும் மட்டும்தான் விமர்சனம் செல்லும் என்று யார் சொன்னது?

'இந்தியாவில் குற்றங்கள்' என்ற இந்த அறிக்கை 1953ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து வருகிறது. 1986இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் உருவான பிறகு அதன் பொறுப்பில் வெளியாகிறது. 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 19 நகரங்களுக்குத் தனி அட்டவணைகள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோவையும். 2020 முதல் 2023 வரையான நான்கு ஆண்டுக் கணக்கிலும் லட்சம் பேருக்கு மிகக் குறைந்த வழக்குகள் பதிவானது கொல்கத்தாவில். இதை வைத்துத்தான் 'பாதுகாப்பான நகரம்' என்ற பட்டத்தைக் கட்டுகிறார்கள். காப்பகம் அப்படிக் கட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குற்றம் கூடுவது வேறு, குற்றத்தைப் பதிவுசெய்வது கூடுவது வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்று அந்த அறிக்கையே எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

விகிதம் என்பதே வகுத்தல் கணக்கு. மேலே பதிவான வழக்குகள், கீழே மக்கள்தொகை. நகரங்களுக்கு அவர்கள் கீழே போட்டுவந்த எண் 2011 கணக்கெடுப்பின் எண். பத்து ஆண்டுக்கு மேலாகப் பட்டாபிராமிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலை வரைக்கும் வந்து இறங்கிய சனங்களில் எத்தனை பேர் அந்த எண்ணில் இருக்கிறார்கள்? தஞ்சை, நாகை, திருவாரூர்ப் பக்கமிருந்து கொத்துவேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் போன எங்க ஜனங்க அதில் எங்கே? வகுக்கும் எண்ணில் நாம் இல்லை. வகுபடும் எண்ணில் மட்டும் நாம் கட்டாயம் உண்டு, அதுவும் குற்றஞ்சாட்டப்பட்டவர்களாக.

2020ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாடே பூட்டிக் கிடந்தது. அந்த ஆண்டில்தான் நாட்டின் மொத்தக் குற்றங்கள் 51,56,158இலிருந்து 66,01,285ஆக உயர்ந்தன. திருடர்கள் பெருகிவிட்டார்களா? இல்லை. அரசு ஊழியர் பிறப்பித்த உத்தரவை மீறியதற்கான 188ஆம் பிரிவு வழக்குகள் மட்டும் 29,469இலிருந்து 6,12,179 ஆகிவிட்டன. வீட்டை விட்டு வெளியே வந்தவர், கடையைத் திறந்து வைத்தவர், வேலை போய் நடந்தே ஊருக்குக் கிளம்பியவர், எல்லாரும் குற்றவாளிகள். சாத்தான்குளத்தில் கடை மூடும் நேரத்தைச் சொல்லி ஒரு தகப்பனையும் மகனையும் கொண்டுபோனது அந்த ஜூன் மாதத்தில்தான். அவர்கள் மீது போட்ட வழக்கிலும் இந்த 188 இருந்தது. காவலில் பட்ட அடியில் இருவரும் செத்தார்கள். ஆக, 2020இன் குற்ற எண்ணிக்கையைக் கூட்டியவர்களில் அவர்களும் இருவர். செத்தவர்களையும் குற்றவாளிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் இந்தப் பிரதியின் நடை எனக்குப் புரிய ஆரம்பித்தது அப்போதுதான்.

பதிவாகாததற்கு வருவோம். இதை நான் நாகையிலிருந்தே சொல்ல முடியும். எங்கள் தெருப் பெண் ஒருத்தியை வயல் வரப்பில் மறித்து, சாதியைச் சொல்லித் திட்டி, முடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினான் ஊர்த்தெருக்காரன். நாலு பேர் சேர்ந்து காவல் நிலையம் போனோம். மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். காப்பி ஒன்று கொடுத்தார்கள். அதாவது மனு ரசீது. அதற்கு வழக்கு எண் கிடையாது. அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. அது ஆகாதவரைக்கும் டெல்லியில் அச்சாகும் எந்த அட்டவணையிலும் அந்தப் பெண் கிடையாது. கைது செய்யத்தக்க குற்றமென்றால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்று 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நிலையத்தில் அதைச் சொன்னேன். "படிச்ச பொண்ணு, நீங்களே பேசி முடிச்சுக்கலாமே" என்றார்கள். அழுத்திக் கேட்டால் கவுண்டர் கேஸ் வரும், வயலில் நெல் திருடினாள் என்று. அதையும் மீறிப் பதிவானால் விசாரணை முடிவில் 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' என்று ஒரே வரியில் மூடலாம். சாவு என்றால் சந்தேக மரணம். ஒவ்வொரு படியிலும் ஒரு சல்லடை. கடைசியில் கீழே விழுவதைத்தான் குற்ற விகிதம் என்கிறார்கள். எங்கள் பகுதி அமைதியான பகுதி என்று அதிகாரிகள் மேடையில் பேசும்போது சனங்கள் கைதட்டத்தான் செய்கிறார்கள்.

இத்தனை சல்லடை தாண்டியும் பட்டியல் சாதியினர் மீதான குற்றங்கள் என்று 2020இல் 50,291 வழக்குகளும், 2022இல் 57,582 வழக்குகளும் நாடு முழுக்கப் பதிவாகியிருக்கின்றன. நகர அட்டவணைகளில் இந்தப் பத்தி மெலிந்து கிடக்கும். நகரத்தில் சாதி இல்லை என்று நம்ப விரும்புகிறவர்களுக்கு அது வசதி. நான் சென்னையில் எம்.ஏ. படித்தபோது ஹாஸ்டல் இடம் கிடைக்காமல் மூன்று பேர் சேர்ந்து அறை தேடினோம். சாப்பாடு என்ன, சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு என்று மூன்று கேள்வியில் எங்களை வாசலோடு அனுப்பத் தெரிந்தவர்கள் அந்த நகரத்தில் நிறையப் பேர். அதெல்லாம் எந்த எண்ணில் வரும்? 2024 பிப்ரவரியில் பள்ளிக்கரணையில் சாதி மாறிக் கல்யாணம் பண்ணிய தலித் இளைஞரைப் பெண்ணின் அண்ணன் ஆள் சேர்த்து வெட்டிக் கொன்றது நகரத்துக்குள்தான்.

சரி, இப்போது எனக்குத் தெரிந்த பாடத்துக்கு வருகிறேன். பாதுகாப்பான கடற்கரை நகரம் என்ற எண்ணம் தமிழில் புதிது ஒன்றுமில்லை. எங்கள் கரையிலேயே இருந்தது, புகார். பழைய நாகை மாவட்டம். 2020இல் பிரித்தபிறகு மயிலாடுதுறை மாவட்டம். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூம்புகாருக்கு இரண்டு மூன்று முறை போயிருக்கிறேன். 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடமும், கூடவே கட்டிய பாவை மன்றமும் நெடுங்கல் மன்றமும் இருக்கின்றன. பிள்ளைகள் அங்கே நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடும். இந்த மன்றங்களைப் பற்றி வகுப்பில் எங்களுக்கு 'பழந்தமிழர் நாகரிகச் சிறப்பு' என்று பத்து மதிப்பெண் கேள்வியாகத்தான் நடத்தினார்கள்.

இந்திரவிழா ஊரெடுத்த காதையில் ஐந்து மன்றங்கள் வருகின்றன. வெள்ளிடை மன்றத்தில் சரக்குப் பொதிகள் பேரும் அளவும் எழுதிக் கிடக்கும். பூட்டும் இல்லை, காவலும் இல்லை. எவனாவது திருடினால் கழுத்து ஒடியப் பொதியைத் தலையில் ஏற்றிச் சுற்றவிட்டு, களவை நினைக்கவே நடுங்க வைக்கும் இடம் அது. பூதச்சதுக்கத்தில் கையில் கயிற்றோடு பூதம் நிற்கும். அது பிடித்துத் தின்னுவது யாரை? போலித் துறவி, மறைவில் ஒழுக்கம் தவறும் பெண், நம்பிக்கை கெடுக்கும் அமைச்சன், பிறன் மனைவியை விரும்புகிறவன், பொய்ச்சாட்சி சொல்கிறவன், கோள் சொல்கிறவன். பெண்ணை மட்டும் தனியாக எண்ணியிருப்பதைப் பெண்கள் கவனிக்க வேண்டும். ஆனால் அமைச்சனும் அந்தப் பட்டியலில் உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். ஐந்தாவது பாவை மன்றம். அங்கே இருப்பது ஒரு பதுமை. அரசன் முறை தவறினால், அறங்கூறும் அவையில் ஒருபக்கம் சாய்ந்தால், அது வாய்பேசாமல் கண்ணீர் விடும்.

என் வாசிப்பு இங்கேதான் பாடப்புத்தகத்திலிருந்து பிரிகிறது. வெள்ளிடை மன்றம் யாருடைய பாதுகாப்பு? பொதி வைத்திருப்பவனுடையது. மருவூர்ப்பாக்கத்துக் கடற்கரையில் மீன் விற்கிறவர்கள், உப்பு விற்கிறவர்கள், கள் விற்கிறவர்கள், தோல் தைக்கிறவர்கள் என்று இளங்கோ வரிசையாகச் சொல்கிறார். அவர்களுக்கு ஒரு தீங்கு நடந்தால் ஓடிப்போக எந்த மன்றம் என்று சொல்லவில்லை. இருந்தாலும் அந்தப் பழைய பிரதி ஆள்பவனின் தப்பையும் அளக்க ஒரு கல் பதுமையையாவது வைத்தது. இன்றைய அறிக்கையிலும் காவல் மரணங்களுக்கு என்று ஓர் அட்டவணை இருக்கத்தான் செய்கிறது. அதில் தண்டனை பெற்ற காவலர் என்ற கட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் சுழியம். அந்தக் கட்டத்தை எடுத்துப் பாதுகாப்பான நகரங்களை வரிசைப்படுத்திய பத்திரிகை ஒன்றையும் நான் கண்டதில்லை.

புகாரை விட்டுக் கிளம்பிய கோவலன் மதுரையில் சாகிறான். கொலைக்களக் காதையை நான் இந்தத் தடவை காவல் நிலையத்து ஆவணத்தைப் படிக்கிற மாதிரி படித்தேன். உண்மையில் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் புகார்தாரர். விசாரணை கிடையாது. காவலர்கள் கோவலனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தயங்குகிறார்கள், இந்த அமைப்பும் தோற்றமும் உள்ளவன் கொல்லத்தக்கவன் இல்லை என்று. உடனே பொற்கொல்லன் களவு நூல் பேசுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று திருடர்களின் எட்டுத் துணைகளைச் சொல்லிக் கதைகளும் சொல்கிறான். அதாவது, ஆளைப் பார்த்து ஏமாறாதீர்கள், குற்றவாளிகள் எப்படிப்பட்டவர்கள் என்று நான் சொல்கிறேன் என்கிறான். குற்றத்தைப் பற்றிய பேச்சே கொலைக்கு வழிவிடுகிறது. கடைசியில் வெட்டுகிறவன் படிக்காத குடிகாரன் ஒருவன். பழி கீழே இருக்கிறவன் மேல் போய் விழ, கதையில் வேண்டிய ஏற்பாடு இருக்கிறது.

கோவலனின் முகம் அவனுக்கு ஒரு நிமிட அவகாசமாவது வாங்கிக் கொடுத்தது. மாசாத்துவான் மகன் அல்லவா. என் தம்பிக்கு முகமே சாட்சியமாக எதிரே நின்றது. முகத்தோடு முகவரியும்.

முகத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதுவது காப்பியத்தோடு போய்விடவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் உயிருக்குப் பயந்து ஒளிந்த 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூலியில் கொஞ்சம் நெல் கூடக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விடமாட்டோம் என்றதும்தான் அவர்கள் செய்த குற்றம். நாகையில் அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் வேறு சிலருக்கும் தண்டனை கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1970களில் அவர்களை விடுதலை செய்தது. அவர்கள் நிலமும் காரும் உள்ள பெரிய மனிதர்கள். தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்கிற தர்க்கம் அந்தத் தீர்ப்பில் வந்தது. மதுரைக் காவலர்கள் கோவலனைப் பார்த்த அதே பார்வை. அங்கே ஒரு நிமிஷத் தயக்கம், இங்கே முழு விடுதலை. அதே இரவில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவன் இறந்ததற்கான வழக்கில் கூலிக்காரர்கள் சிறை போனார்கள்.

மதுரையை எரிக்கச் சொன்னபோது கண்ணகி நெருப்புக்கு ஒரு நிபந்தனை வைக்கிறாள். பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் இவர்களை விட்டுவிடு, தீயவர் பக்கம் மட்டும் போ என்கிறாள். இந்த வரிசையில் பார்ப்பானும் பசுவும் இருப்பதைப் பற்றி நம்மவர்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். நான் அதன் பின்பாதியைப் பார்க்கிறேன். விட்டுவிடச் சொன்ன பெண்களும் முதியோரும் குழந்தைகளும்தான் வெண்மணியில் வெந்தவர்கள். இதில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. அதே 1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. மெரினாவில் தமிழ்ப் பெருமக்கள் சிலைகளோடு, கையில் சிலம்போடு நீதி கேட்கும் கண்ணகிக்கும் சிலை. அந்த ஆண்டின் கடைசி வாரத்தில் வெண்மணி. அந்தச் சிலையை 2001 டிசம்பரில் எடுத்தபோதும், 2006இல் திரும்ப வைத்தபோதும் தமிழ்நாடே பேசியது. தமிழுக்கு அவமானம் என்றார்கள், மானம் மீண்டது என்றார்கள்.

வெண்மணிக்கு முன்னாலும் இந்த வட்டாரம் 'அமைதியான' வட்டாரம்தான். பண்ணையாளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்ததும் சாணிப்பால் ஊற்றியதும் ஆண்டைகளின் உரிமை. எந்தக் காவல் நிலையக் குறிப்பிலும் அது குற்றமாக ஏறவில்லை. களத்தில் சிந்திய நெல்லை மடியில் முடிந்துகொண்டால் அது திருட்டு. 1940களில் சீனிவாசராவும் சங்கமும் வந்து சேரிகள் திரும்ப அடிக்கத் துணிந்த பிறகுதான் 'சட்டம் ஒழுங்கு கெட்டுவிட்டது' என்ற பேச்சே வந்தது. எங்க அப்பாயி சொல்லும்: "அடி வாங்குன வரைக்கும் ஊரு நல்லாத்தான் இருந்திச்சாம். நாம நிமுந்த அன்னிக்கித்தான் கெட்டுப்போச்சாம்." குற்ற விகிதம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த அறிக்கையிலும் படிக்கவில்லை.

இனி கண்ணகி நகர். 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி, கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஓரங்களிலும் நடைபாதைகளிலும் இருந்த சேரிகளைப் பிடுங்கித் துரைப்பாக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். வேலை இருபது கிலோமீட்டருக்கு அப்பால். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் ஆளுக்குப் பிறகுதான் வந்தன. பெயரை மட்டும் முதலிலேயே வைத்துவிட்டார்கள். விசாரணை இல்லாமல் திருட்டுப் பட்டம் கட்டிக் கொல்லப்பட்டவனின் மனைவி பெயரை, ஒரு நகரமே திருட்டுப் பட்டம் கட்டிய இடத்துக்கு. இதைக் கேலி என்று சொல்வதா, யோசிக்காமல் செய்தது என்று சொல்வதா? முகவரியைச் சொன்னால் வேலை இல்லை, கடன் இல்லை, ஆட்டோ வராது என்று அந்த மக்கள் எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையில், கோவலன் சாவுக்குப் பரிகாரமாக வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்த செய்தி வருகிறது. தப்புச் செய்தவன் ஒருவன், செத்தவர்கள் அந்தத் தொழில் சாதியில் ஆயிரம் பேர். அதற்குப் பிறகு மழை பெய்ததாம், நாடு செழித்ததாம். 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டபோது இந்தப் புத்தியை ஐரோப்பாவிலிருந்து மட்டும் கொண்டுவந்தான் என்று நான் நம்பவில்லை. அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும், மற்ற இடங்களில் 1952இலும் போனது. உடனே 1948இல் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்தது. 1982இல் குண்டர் சட்டம். விசாரணையில்லாமல் தடுப்புக்காவலில் வைப்பதில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக இந்தியாவிலேயே முன்னணி. இதற்கும் ஒரு பட்டியல் உண்டு. இதில் நாம் வாங்கும் முதலிடத்தை யாரும் கொட்டைஎழுத்தில் போடுவதில்லை.

2017 ஜனவரி 23 அன்று மெரினாவில் சல்லிக்கட்டுப் போராட்டத்தைக் கலைத்தபோது மாணவர்கள் பக்கத்துக் குப்பங்களுக்குள் ஓடினார்கள். மீனவர்களும் தலித்துகளும் வாழும் நடுக்குப்பத்தில் தண்ணி கொடுத்தார்கள், ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் காவல்துறை உள்ளே வந்தது. மீன்சந்தை எரிந்தது. வண்டிகளுக்குக் காக்கிச் சட்டைகளே தீ வைப்பதைப் படம் எடுத்து ஊரே பார்த்தது. கண்ணகி சிலைக்கும் நடுக்குப்பத்துக்கும் கூப்பிடு தூரம்தான். 2022 ஏப்ரலில் அதே மெரினாவில் குதிரை ஓட்டிப் பிழைத்த 25 வயது தலித் இளைஞர் வாகனச் சோதனையில் பிடிபட்டுக் காவலில் இறந்தார். முதலில் அது உடம்பு முடியாமல் போன சாவு. உடற்கூறு அறிக்கையில் 13 காயங்கள் வந்தபிறகுதான் கொலை வழக்காக மாறியது. காயங்களை எண்ணிச் சொல்ல ஆள் இல்லாத மற்றச் சாவுகள் என்ன ஆகின்றன?

இந்த இடத்தில் நான் என்னோடேயே சண்டை போட வேண்டியிருக்கிறது. நம் பத்திரிகைகளில் இப்படி எழுதும்போது ஒரு சௌகரியம் வந்துவிடுகிறது. காவல்துறைதான் வன்முறை, சேரி முழுக்க அப்பாவிகள் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடலாம். பெரும்பாக்கத்தில் இருக்கிற என் தோழியிடம் இதைப் பேசினேன். "நீ ஊர்ல உக்காந்து எழுதுவ. எனக்கு ராத்திரி பத்து மணிக்கு லிஃப்ட்ல ஏறப் பயமா இருக்கு" என்றாள். எட்டு மாடி. லிஃப்ட் நின்றால் இருட்டுப் படிக்கட்டு. கஞ்சா விற்கிறவனைக் காட்டிக்கொடுத்தால் மறுநாளே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது, எப்படித் தெரிகிறது என்று கேட்கிறாள். அவளுக்குக் காவல் வேண்டும். கேமராவும் வேண்டும் என்கிறாள், வேலை செய்கிற கேமராவாக. நிர்பயா நிதியில் பாதுகாப்பு நகரத் திட்டத்துக்கு எடுத்த எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. அந்தக் காசு தன் படிக்கட்டு பல்பு வரைக்கும் வந்து சேரவில்லை என்பதுதான் அவள் வழக்கு.

அவள் சொல்வது சரி. வெட்டிச் சாகிறவர்களும் நம் பையன்கள்தான், வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போகிறவர்களும் நம் பையன்கள்தான். செய்தியில் 'முன்விரோதம்' என்ற ஒரே சொல்லில் அந்தச் சாவு முடிந்துவிடும். 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கைத் தன் வீட்டு வாசலில் வெட்டிக் கொன்றார்கள். வழக்கறிஞர், ஒரு கட்சியின் மாநிலத் தலைவர். அவர் சாவையும் முதலில் பலர் ரவுடிகளின் கணக்குத் தீர்ப்பாகத்தான் பேசினார்கள். சில நாளில் கைதான ஒருவர் என்கவுன்டரில் சுடப்பட்டார். சுட்டவுடன் நகரம் பாதுகாப்பாகிவிட்டது என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களில் நமக்கு வேண்டியவர்களும் இருந்தார்கள். எனக்கும் ஒரு கணம் அப்படித் தோன்றியது, ஒளிக்கவில்லை. விசாரணையில்லாக் கொலையை மூன்று பத்தி திட்டிவிட்டு நான்காவது பத்தியில் நானே ஒன்றை வரவேற்கிறேன் என்றால் பொற்கொல்லனின் களவு நூல் எனக்குள்ளும் ஒரு பிரதி இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

சினிமாவைத் தொடாமல் வடசென்னையைப் பற்றி எழுத முடியாது என்றாலும் சுருக்கமாகவே சொல்கிறேன். 'காக்க காக்க' வகைப் படங்களில் குப்பம் என்பது வில்லன் ஓடி ஒளியும் சந்து. 'மெட்ராஸ்' 2014இல் வந்தபோதுதான் அந்தச் சந்தில் சமைக்கிறார்கள், பந்து விளையாடுகிறார்கள், சுவருக்காகச் சாகிறார்கள் என்று திரையில் பார்த்தோம். அதற்குப் பிறகு கத்தியும் ரத்தமும் கலைநயத்தோடு காட்டப்பட்ட படங்களை நம் விமர்சகர்கள் 'விளிம்புநிலை அழகியல்' என்று கொண்டாடியதில் எனக்கு ஒப்புதல் இல்லை. என் தோழியின் இருட்டுப் படிக்கட்டு அதில் எங்கும் இல்லை. அழகான கத்திதான் இருக்கிறது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் ஆடிய கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். அந்த ஒரு வாரம் பத்திரிகைகளில் 'கண்ணகி நகர்' என்ற பெயர் குற்றச் செய்திக்கு வெளியே வந்தது. தம்பி எனக்கு அந்தச் செய்தியைப் படம் எடுத்து அனுப்பினான். "நம்ம ஏரியாக்கா" என்று கூடவே எழுதியிருந்தான். கீழ்வேளூர்க்காரன் அதை நம்ம ஏரியா என்று எழுதியது அதுதான் முதல் தடவை.

ஆனாலும் பெரிய அப்பார்ட்மென்டில் வேலைக்குப் போகும்போது வாட்ச்மேன் நோட்டில் முகவரிக் கட்டத்தில் 'துரைப்பாக்கம்' என்று மட்டும்தான் எழுதுகிறானாம். அந்த ராத்திரி கையெழுத்து வாங்கிய வெள்ளைத்தாளில் பிறகு என்ன எழுதினார்கள், எடுத்த போட்டோ எந்தப் பட்டியலில் ஏறியது என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு தயார் பண்ணிப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தவனிடம் கொடுத்தேன். படித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். சின்னம்மா அடுப்படியிலிருந்து, "இன்னொரு கையெழுத்தா, வேணாம்டா" என்றது. எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போயிருக்கிறான். போட்டானா என்று நான் இன்னும் கேட்கவில்லை.